பந்தக்காலுக்குக் குடை பிடித்த வெள்ளிக்கிழமை

கேனபி வாடகைத் தொழிலில் இறங்கியவருக்கு இரண்டு முதலாளிகள்: ஒருவர் கல்யாணப் பெண்ணின் அம்மா, இன்னொருவர் வானம், இருவருமே சொல்லிவிட்டுக் கோபித்துக்கொள்வதில்லை.

என் பெயர் புஷ்பா. கிள்ளானில் கேனபி வாடகைக்கு விடுகிறேன். வீட்டு வாசலில் சாலையை அடைத்து இரும்புக் கால் நிறுத்தி, மேலே வெள்ளைத் துணிக்கூரை போட்டு, கீழே பிளாஸ்டிக் நாற்காலி அடுக்குகிறோமே, அதுதான். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கருமாதி எதுவானாலும் முதலில் வருவதும் கடைசியில் போவதும் நாங்கள்தான். சமையல்காரர்களே, மேடை அலங்காரக்காரர்களே, ஒலிபெருக்கி கட்டுகிறவர்களே, நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும். ஒரு சின்னப் புயல் பிறந்து, வளர்ந்து, ஆட்டம் போட்டு, ஓய்ந்த அந்த வாரத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

பெயர் வைத்தார்கள்

நம் ஊரில் மழை உண்டு, இடி உண்டு, வெள்ளம் தாராளமாக உண்டு. புயல் மட்டும் தொலைக்காட்சியில் வேறு நாட்டுக்காரர்களுக்கு வருகிற சங்கதி. அந்தத் திங்கட்கிழமை, சுமத்ராவுக்கும் நமக்கும் நடுவே கடலில் காற்றழுத்தம் குறைந்திருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். மறுநாள் அது சுழல ஆரம்பித்துவிட்டது என்றார்கள். புதன்கிழமை அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அதே பெயரில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், நல்ல மனுஷி.

"சின்னப் புயல்தான், வெள்ளிக்கிழமை கரை ஏறும், ஏறியதும் ஓய்ந்துவிடும்" என்று செய்தி வாசித்த பெண் சிரித்த முகத்தோடு சொன்னார். அவருக்கென்ன, அவர் தலைக்கு மேல் கான்கிரீட் கூரை. நான் வெள்ளிக்கிழமை விசேஷம் வைத்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தேதியை மாற்ற முடியுமா என்று கெஞ்சினேன். மகனின் முதல் பிறந்தநாளுக்கு கேனபி கேட்டிருந்த ஒரு தம்பி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கேட்டார்: "கேக்குக்கு ஆர்டர் குடுத்தாச்சு அக்கா, புயலைக் கொஞ்சம் சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கச் சொல்ல முடியாதா?"

என் இரும்புக் கால் சாமியான கதை

அந்த வாரத்தின் பெரிய வேலை பந்திங்கில், ராஜம் ஆன்டி வீட்டில். மகள் ஷாலினிக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். ஷாலினி மருத்துவமனையில் தாதி. மாப்பிள்ளை வீடு பூச்சோங்கில். இந்தக் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போனது. முதல் தடவை நோய்த்தொற்று வந்து ஊரே கதவடைத்தது. அடுத்த தடவை மாப்பிள்ளையின் அப்பா இறந்துபோனார். ராசியில்லாத கல்யாணம் என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசிவிட்டார்கள். அதனால் ராஜம் ஆன்டி இந்தத் தடவை எல்லாவற்றையும் முறை தவறாமல் செய்துகொண்டிருந்தார். ஒரு தும்மல் வந்தால்கூட நேரம் பார்த்துத்தான் தும்மினார்.

பந்தக்கால் நடுவது உங்களுக்குத் தெரியும். மூங்கிலுக்கு மஞ்சள் குங்குமம் பூசி, மாவிலையும் நவதானிய முடிச்சும் கட்டி, சுமங்கலிகள் சேர்ந்து நடுவார்கள். நட்டுவிட்டால் கல்யாணம் முடியும் வரை அதை அசைக்கக் கூடாது. ஆனால் நம் தாமான் குடியிருப்பு வீடுகளில் நடுவதற்கு மண் எங்கே இருக்கிறது? வாசலெல்லாம் சிமெண்ட், அதற்கு அப்பால் தார் ரோடு. அதனால் மூங்கிலைக் கொண்டுவந்து என் கேனபியின் இரும்புக் காலோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து என் இரும்புக் காலும் சாமிதான்.

புதன்கிழமை காலையில் ராஜம் ஆன்டி வீட்டில் பந்தக்கால் கட்டினார்கள். சாயங்காலம் நான் போய், புயல் வருகிறது, கேனபியைப் பிரித்துவிட்டு சனிக்கிழமை திரும்பப் போட்டுத் தருகிறேன் என்றேன். ராஜம் ஆன்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெற்ற பிள்ளையை அடகு வைக்கச் சொன்னவளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. "புஷ்பா, ரெண்டு தடவை விட்டுக் குடுத்துட்டேன், இந்தத் தடவை அந்தப் புயல் வேணும்னா போகட்டும், பந்தக்கால் போகாது" என்றார்.

ரிப்பன்

வியாழக்கிழமை புயல் வளர்ந்துகொண்டிருந்தது, என் கைப்பேசியும் சூடாகிக்கொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் கடை திறப்பு விழா வைத்திருந்த ஒரு பாஸ், கேனபி பறக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். பெயிண்ட் டின்னில் சிமெண்ட் ஊற்றிக் காய வைத்திருக்கிறோம், காலுக்கு இரண்டு கட்டுவோம் என்றேன். அதெல்லாம் வேண்டாம், வருகிறவர்களை ஓரமாக உட்கார வைத்துக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம் என்று யோசனை சொன்னார். விருந்தாளிகளை அவர் எதற்காக அழைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பங்சாரில் ஓர் அம்மா வேறு மாதிரி. வீட்டுத் தோட்டத்தில் நிச்சயதார்த்தம் வைத்திருந்தார். அவருக்குப் புயலைப் பற்றிக் கவலையே இல்லை. என் சிமெண்ட் டின்களைப் பார்த்ததும்தான் முகம் வாடிவிட்டது. அலங்காரமெல்லாம் ரோஜா நிறமாம், டின் மட்டும் பழைய பச்சையாம். காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் அம்மா, டின் இல்லாமல் முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இறங்கி வந்தார்: "சரி, வைங்க, ஆனா ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு பிங்க் ரிப்பன் கட்டிடுங்க லா."

முட்டி ஜோசியம்

என் லோரி டிரைவர் மணியம் அண்ணேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இருக்கும் ஒரே ஆள்பலம் அவர்தான். நல்ல மனிதர், பலசாலி. ஆனால் அவருடைய வலது முட்டி ஒரு வானிலை நிலையம் என்பது அவருடைய தீராத நம்பிக்கை. முட்டி வலித்தால் மழை, வலிக்காவிட்டால் வெயில். இந்த முட்டி இதுவரை ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. அது வெயில் என்று சொன்ன நாட்களில் நான் நனையாத புடவை என்னிடம் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் லோரியில் போகும்போது, முட்டி என்ன சொல்கிறது என்று கேட்டேன். முட்டியை இரண்டு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தார். நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "சத்தமே இல்ல தங்கச்சி, நாளைக்கு மொட்டை வெயிலு" என்றார்.

அப்போதே தெரிந்துவிட்டது, புயல் நிச்சயம் என்று.

அரிசி டின்

அன்றைக்கு நாங்கள் போய்க்கொண்டிருந்தது பூச்சோங்குக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு. ஆமாம், அங்கேயும் என் கேனபிதான். அங்கேயும் இரும்புக் காலோடு கட்டிய பந்தக்கால்தான். மாப்பிள்ளையின் அம்மா லீலா ஆன்டி பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. ராஜம் ஆன்டிக்குச் சம்பந்தியம்மா என்றால் உள்ளுக்குள் ஒரே நடுக்கம். "அவங்க ரொம்ப முறை பாக்கறவங்க, இங்க ஒரு இலை காஞ்சாலும் என்ன சொல்வாங்களோ" என்று புலம்பிக்கொண்டே இருப்பார். நானும் பயந்துகொண்டேதான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

லீலா ஆன்டி வாசலை ஒரு பார்வை பார்த்தார், வானத்தை ஒரு பார்வை பார்த்தார், கேட்டைச் சாத்தினார். "கழட்டுங்க" என்றார். மணியம் அண்ணே வாயைப் பிளந்தார். கட்டை அவிழ்த்து, பந்தக்காலைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி வீட்டுக்குள் கொண்டுபோனோம். எங்கே வைப்பது? சாத்தி வைத்தால் சரியில்லை, படுக்கப் போட்டால் பெரிய பாவம். கடைசியில் லீலா ஆன்டியே சமையலறையிலிருந்து அரிசி டின்னை இழுத்து வந்து கூடத்தில் வைத்தார். மூங்கிலை அரிசிக்குள் ஆழமாக நட்டு, மாடிப்படிக் கம்பியோடு சேர்த்துக் கட்டினோம். சும்மா சொல்லக் கூடாது, ரோட்டில் நின்றதைவிட அங்கே கம்பீரமாகவே நின்றது.

நாங்கள் லோரியில் ஏறும்போது ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆசிரியைக் குரல் எங்கேயோ போய்விட்டது. "அவரு போனப்புறம் என் வீட்டால இந்தக் கல்யாணத்துக்கு ஒரு குறையும் வந்துடக் கூடாதுன்னு இருக்கேன் புஷ்பா, பந்திங்குக்கு மட்டும் தெரியவே கூடாது, அந்தம்மா ரொம்ப முறை பாக்கறவங்க."

கரை ஏறியது

வெள்ளிக்கிழமை காலை வானம் கழுவாத அலுமினியச் சட்டி மாதிரி இருந்தது. நானும் மணியம் அண்ணேயும் பந்திங்கில் ராஜம் ஆன்டி வாசலில் நின்று திரும்பவும் கெஞ்சினோம். காலைத் தொட மாட்டோம், மூங்கிலைத் தொட மாட்டோம், கூரைத் துணியை மட்டும் அவிழ்த்துக்கொள்கிறோம் என்றேன். கூரை இல்லாமல் அது என்ன பந்தல் என்றார். துணி இருந்தால் காற்று மொத்தத்தையும் தூக்கிவிடும், பந்தக்காலும் சேர்ந்துதான் போகும் என்றேன். அதற்குள் காற்று வாழைக்குலையை ஆட்ட ஆரம்பித்தது. ஷாலினி உள்ளேயிருந்து வந்து, "மா, அவங்க சொல்றதக் கேளு" என்ற பிறகுதான் ஆன்டி தலையசைத்தார்.

ஒரு பக்கக் கயிற்றைத்தான் அவிழ்த்திருப்போம். வந்தது பாருங்கள்! துணி ஒரு தடவை உப்பியது, மணியம் அண்ணேயை முட்டி வரை தூக்கியது, அவர் "அடோய்" என்று கையை விட்டார், அவ்வளவுதான். என் புத்தம் புதிய வெள்ளைக் கூரை எதிர் வீட்டு மாடியைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மேற்கே போய்விட்டது. நாங்கள் ஓடி வீட்டுக் கூரைக்குள் புகுந்தோம். மணியம் அண்ணே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இப்பதான் தங்கச்சி லேசா வலிக்குது, மழை வரும்போல."

மூன்று குடை

வெளியே எலும்புக்கூடாக நின்றது இரும்புச் சட்டம் மட்டும். கேட்டுக்குப் பக்கத்துக் காலில் பந்தக்கால் நனைந்துகொண்டிருந்தது. அடுத்து ராஜம் ஆன்டி செய்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கார் நிறுத்துகிற கூரையின் ஓரத்தில் நின்றுகொண்டு, கேட் வழியாகக் கையை நீட்டி, பந்தக்காலுக்குக் குடை பிடித்தார். தான் முழுக்க நனைந்துவிட்டார். மூங்கிலின் உச்சி மட்டும் காய்ந்திருந்தது.

முதல் குடை தாமரைபோல மேல்நோக்கி விரிந்தது. ஷாலினி இரண்டாவது குடையைக் கொண்டுவந்தாள். அது கைப்பிடியை மட்டும் ஆன்டியிடம் விட்டுவிட்டுப் போனது. மூன்றாவது ஒரு சின்னப் பிள்ளையின் குடை, காது வைத்த பூனைக்குட்டிக் குடை. அதையும் விரித்துப் பிடித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஷாலினிக்கும்தான். நலங்கு மஞ்சள் கன்னத்தில் வழிய அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, அம்மாவின் தோள் குளிரில் நடுங்குவதைப் பார்த்ததும், அவளே போய்ப் பக்கத்தில் நின்று குடைக்காம்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "மா, கல்யாணம் எனக்கா இந்த மூங்கிலுக்கா, எனக்கு ஒரு நாளாவது இப்படிக் குடை பிடிச்சிருக்கியா?"

கூரையைக் கண்டவர்கள்

கூரையின் நான்கு பக்கமும் என் பெயரும் தொலைபேசி எண்ணும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தேன், விளம்பரத்துக்காக. அந்த விளம்பரம் இவ்வளவு தூரம் போகும் என்று எதிர்பார்க்கவில்லை. முதல் அழைப்பு பக்கத்துத் தாமானிலிருந்து: உங்கள் கூரை எங்கள் மாமரத்தில். எடுக்க ஆள் அனுப்புகிறேன் என்பதற்குள், இல்லை, கிளம்பிவிட்டது என்றார். அடுத்தது பெட்ரோல் நிலையத்திலிருந்து: இங்கே வந்தது, நிற்காமல் போய்விட்டது. என்னமோ பேருந்து தவறவிட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

கடைசி அழைப்பு பாசார் சந்தைப் பக்கத்தில் கோழிச் சோற்றுக் கடை வைத்திருக்கும் ஒரு சீன அங்கிளிடமிருந்து. தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் சரளமாகப் பேசினார். கூரை அவர் கடையின் நான்கு கம்பத்துக்கு மேல் கச்சிதமாக வந்து உட்கார்ந்ததாம். அவரே கயிறு போட்டுக் கட்டியும்விட்டாராம். பத்திரமாக வைத்திருங்கள் அங்கிள், இப்போதே வருகிறேன் என்றேன். "அவசரமே இல்ல தங்காச்சி, உன் கெமா பாகுஸ் லா, நல்ல கூடாரம், கஸ்டமர் எல்லாம் உள்ள ஒக்காந்து சாப்பிடறாங்க, மழை விட்டப்புறம் வா!"

விழுந்தது

திடீரென்று காற்று நின்றது. இலைகூட அசையவில்லை. ராஜம் ஆன்டி பூனைக்குட்டிக் குடையை மடக்கினார். பந்தக்கால் நின்றுகொண்டிருந்தது. மாவிலையில் பாதி போயிருந்தது, ஆனால் நின்றது. ஆன்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மணியம் அண்ணே, "முடிஞ்சுது ஆன்டி, முட்டி வலி போயிடுச்சு" என்றார். நான் அந்த நேரமே அவர் வாயைப் பொத்தியிருக்க வேண்டும்.

காற்று இந்தத் தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. இரும்புச் சட்டம் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டது. சிமெண்ட் டின்கள் ரோட்டில் உருண்டன. ஈரக் கயிறு நெகிழ்ந்து, மூங்கில் மெதுவாகச் சாய்ந்து, ரோட்டில் தேங்கிய தண்ணீரில் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ராஜம் ஆன்டி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "மூணாவது தடவையும் போச்சு, நான் என்ன பாவம் செஞ்சேன், அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்" என்று அழுதார். ஷாலினி ஓடிப்போய் மூங்கிலை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குப் பூச்சோங் ரகசியம் நாக்கு நுனியில் நின்றது. கொடுத்த வாக்கு வாயைக் கட்டிப் போட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆன்டியின் கைப்பேசி அடித்தது. லீலா ஆன்டி, முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. யாருக்கும் எடுக்கத் தைரியமில்லை. நான்தான் விரலை வைத்தேன். திரையில் லீலா ஆன்டி நிமிர்ந்து உட்கார்ந்து, "சம்பந்தி, அங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா, பந்தல் எல்லாம்..." என்று ஆரம்பித்தார். ராஜம் ஆன்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். துடைப்பதை நிறுத்தினார். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"சம்பந்தி, உங்க பின்னால அரிசி டின்னுல என்ன நிக்குது?"

லீலா ஆன்டி திரும்பிப் பார்த்தார். மறைக்க வழியில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார், மூங்கில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எங்கள் பக்கத்தை உற்றுப் பார்த்தார். ஷாலினியின் மடியை உற்றுப் பார்த்தார். வகுப்பில் பதில் கேட்கும் அதே குரலில் கேட்டார்: "அது இருக்கட்டும், உங்களது ஏன் என் மருமக மடியில படுத்திருக்கு?"

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பந்திங்கும் பூச்சோங்கும் ஒரே நேரத்தில் சிரித்தன. அழுதுகொண்டே சிரித்தார்கள். ஆன்டிகள் இருவரும் ஒருவருக்கொருவர் எவ்வளவு பயந்தார்கள் என்பதைப் போட்டி போட்டுக்கொண்டு சொல்லித் தீர்த்தார்கள். வெளியே புயல் இருக்கிறதா போய்விட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியில் ராஜம் ஆன்டி எழுந்து, ஈரப் புடவையை உதறிக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஷாலினி, நம்ம அரிசி டின்ன எடுத்துட்டு வா!"

ஓய்ந்தது

கரை ஏறிய புயல் அன்றைக்கே மலைப் பக்கம் போய், வெறும் தூறலாகக் கரைந்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். சேதம் அதிகமில்லை என்றார்கள். என் சேதம் செய்தியில் வராது: வளைந்த சட்டம், காணாமல் போன நாற்காலிகள், பங்சாரில் ரிப்பன் மட்டும் மிஞ்சிய சில டின்கள். கூரையைச் சீன அங்கிள் மடித்தே கொடுத்தார். துவைத்தும் அதில் இஞ்சியும் பூண்டும் மணந்தது. சனிக்கிழமை வேறு சட்டத்தில் அதையே போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் தாலி ஏறியது. இரண்டு வீட்டுப் பந்தக்கால்களும் அரிசி டின்னுக்குள் நின்றபடியே அதைச் சேதியாகக் கேட்டுக்கொண்டன. தாலி ஏறிய நிமிடம் ராஜம் ஆன்டி கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பிறகு பந்திங்கில் விருந்து. வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கேனபிக்குள் வேர்த்துக் கொட்ட, லீலா ஆன்டியும் ராஜம் ஆன்டியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே அழைப்பிதழால் மாறி மாறி விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். ராஜம் ஆன்டி என் கையைப் பிடித்து நிறுத்தி, என் கூரையை அண்ணாந்து பார்த்து, மனதார அலுத்துக்கொண்டார்: "என்ன புஷ்பா இது, கொஞ்சம்கூடக் காத்தே வரமாட்டேங்குது?"

சின்னப் புயலுக்கு ஆயுள் சில நாள்தான்; அதைச் சமாளித்த கேனபிக்காரிக்கு நல்ல பெயர் அந்த அளவுகூடத் தாங்குவதில்லை.